நம்ம ஊர் மாதிரியே இருந்த ஊர்

பஸ் நின்றதும் கூரைமேல் யாரோ கூடை கூடையாக ஜல்லியைக் கொட்டுகிற சத்தம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆலங்கட்டி மழை. ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. ரோடு முழுக்க வெள்ளை.

"இறங்கலாமுங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் மடியில் பிரஷர் குக்கரை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அடிஸ் அபாபாவில் பஸ் ஏறியதிலிருந்து அதே கோலம்தான்.

"குக்கர் நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. நாம நனைஞ்சாத்தான் வம்பு. செத்த பொறு அம்மணி."

போன வாரம் இந்தப் பத்தியை, பம்பாய் விமான நிலையத்தில் ஊறுகாய் ஜாடி உடைந்ததோடு விட்டிருந்தேன். அந்த ஊறுகாய் எண்ணெய் என் முந்தானையில் அப்போதும் மணத்துக்கொண்டிருந்தது. அதே சேலையோடுதான் எத்தியோப்பியாவின் வடக்கு மலையில் அந்தச் சின்ன ஊரில் இறங்கினேன்.

மழை விட்டு இறங்கி நாலு எட்டு வைக்கவில்லை, மூச்சு வாங்கியது. அத்தனை உயரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது காற்றில் ஒரு மணம் வந்தது பாருங்கள்! தைல மரத்து விறகு எரிகிற புகை. சின்ன வயதில் வால்பாறையில் எஸ்டேட் கிளார்க்காக இருந்த மாமா வீட்டுக்கு லீவுக்குப் போவேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, மேலே போய் இறங்கினால் இதே மணம்தான்.

ரோட்டோரம் ஒரு ஆள் ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தான். வீட்டுக்காரருக்குக் காங்கேயம் பக்கம். குக்கரைக் கீழே வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

"அந்தத் திமிலப் பாரு அம்மணி! நம்மூர்க் காளைக்குச் சித்தப்பன் மகனாட்டம் இருக்குது!"

"ஆமாங்க. எல்லாமே நம்ம ஊராட்டமே இருக்குதுங்க" என்றேன் நான்.

அந்த நினைப்பு என்னைப் படுத்தின பாடு கொஞ்சமா? அந்த மலையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சிநேகிதி. பேர் அல்மாஸ். வந்த இரண்டாம் மாதத்துக்குள் அவளைக் கை நழுவ விட்டேன். எல்லாம் நம்ம ஊர் மாதிரி என்று நினைத்ததால் வந்த வினை.

பொண்டாட்டி பொறவால போன மனுசன்

வீட்டுக்காரர் கோயமுத்தூரில் ஒரு நூற்பு மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மில் மூடினார்கள். அடுத்த மாதம் திறக்கும், பொங்கலுக்குத் திறக்கும் என்று காத்துக் காத்து அவர் மீசையே நரைத்துவிட்டது. நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எத்தியோப்பியாவுக்கு ஆசிரியர்கள் தேவை என்று பேப்பரில் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது.

ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் வாயில் கை வைத்தது. என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஒரு விசேஷ வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏண்டா, பொண்டாட்டி சம்பாரிக்கப் போறா, நீ பொறவால குக்கரத் தூக்கீட்டுப் போறயா?"

"ஆமாக்கா. அவளால அத்தன கனம் தூக்க முடியாது" என்றார் இவர். அப்படிப்பட்ட மனுசன்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதனால் கிளம்புவது சுலபம் என்று சொன்னார்கள். சுலபம்தான், போங்கள்!

அவிநாசி கோவிலுக்குப் போய் ஒரு விளக்குப் போட்டுவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் இருந்த அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அப்பா அதிகம் பேசமாட்டார். பஸ் ஏறும்வரை கூடவே வந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குளுருக்குக் காதக் கட்டிக்க கண்ணு" என்றார். அவ்வளவுதான். எத்தியோப்பியா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மலை என்றால் குளிரும், அது தெரியும்.

விசில் சத்தம்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பார்த்து வைத்திருந்தது வேலி போட்ட ஒரு பெரிய வாசலுக்குள் இருந்த இரண்டு அறை. மண் சுவர், தகரக் கூரை. எதிரே, அதை எங்களுக்கு வாடகைக்கு விட்ட அம்மாவின் வீடு. நடுவில் ஒரு குழாய், இரண்டு வீட்டுக்கும் பொது.

முதல் நாள் காலையில் குக்கரில் பருப்பு வைத்தேன். அத்தனை உயரத்தில் வெறும் பாத்திரத்தில் பருப்பு வேகாது. நாள் பூராக் கொதித்தாலும் முழித்துக்கொண்டே இருக்கும். குக்கர் ஒரு விசில் அடித்ததுதான் தாமதம், எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் கையில் உலக்கையோடு ஓடி வந்தாள். உள்ளே என்ன ஜந்து இருக்கிறதோ என்று நினைத்தாளாம். இரண்டாவது விசில் வந்தபோது என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். குக்கரைத் திறந்து பருப்பைக் காட்டினேன். பருப்பைப் பார்த்தாள், உலக்கையைப் பார்த்தாள், சிரித்தாள் பாருங்கள், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அவள்தான் அல்மாஸ், எங்களுக்கு வீடு விட்டவள். என் வயதுதான் இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. சரஸ்வதி என்ற என் பெயரைச் சுருக்கி 'சாரா' ஆக்கிக்கொண்டாள். அன்றைக்கே காப்பிக்குக் கூட்டிப்போனாள்.

நாம் காப்பிக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. பெட்டியில் ஃபில்டர் வேறு வைத்திருந்தேன். அல்மாஸ் பச்சைக் காப்பிக்கொட்டையைக் கழுவி, சட்டியில் கண் முன்னாலேயே வறுத்து, புகையை என் மூக்குக்கு நேராகக் காட்டினாள். பிறகு இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி, சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினாள். பால் கிடையாது. ஒன்று குடித்துவிட்டு எழுந்தேன். தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டாள். மூன்று சுற்றுக் குடிக்காமல் எழக் கூடாதாம். மூன்றாவது சுற்றில்தான் ஆசீர்வாதமாம். கொறிக்க வறுத்த பார்லி. என் ஃபில்டரைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

நம் ஆளுக்கு அவர்களுடைய அன்றாடச் சாப்பாடான இன்ஜெராவைக் கண்டால் ஆகாது. "நேத்து மாவுல ஊத்துன தோசைய இன்னொரு பக்கம் திருப்ப மறந்துட்டாங்க" என்பார். ஆனால் அல்மாஸ் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தக்களியில் நூல் இழுக்க உட்கார்ந்தால் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடுவார். நூலை விரலில் உருட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, இந்தக் கையி எங்க மில்லுல இருந்திருந்தா மூடியே இருக்க மாட்டாங்க" என்று அவளிடம் தமிழிலேயே சொல்வார். அவளும் புரிந்த மாதிரித் தலையாட்டுவாள்.

அவள் வீட்டு உள்ளறையில் அவள் புருசன் படுத்திருந்தார். நாங்கள் வரும்போதே நோயாளி. இருமல் சத்தம் சுவரைத் தாண்டி வரும். முதல் நாள் அவள் கொடுத்த கிண்ணத்தில் நான் வாய் வைத்துக் குடித்தபோது அல்மாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள். இது என்ன இப்படி, ஒரு காப்பிக்கு, என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது

இங்கே ஒரு பழைய கதை. எட்டு ஒன்பது வயதில் அம்மாவோடு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது நல்ல பிள்ளையாக எல்லாரையும் பார்த்து, "போயிட்டு வாரேனுங்க" என்றேன். அம்மா தொடையில் கிள்ளின கிள்ளு இன்னும் வலிக்கிறது.

"எழவு ஊட்டுல வாரேன்னு சொல்லுவாங்களா? இன்னொருக்கா வரோணுமா இப்படி?"

கொங்குப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. கிள்ளித்தான் தருவார்கள். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழ வேண்டும். பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. சொல்லாமல் எழுந்து வர வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, கட்டின துணியோடு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போகக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் செத்தவருக்கு அவமரியாதை.

நாங்கள் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை விடியக்காலையில் எதிர் வீட்டில் அலறல் கேட்டது. அல்மாஸின் புருசன் போய்விட்டார்.

ஓடினேன். பெண்கள் கூட்டமாக நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அப்படியே நம் ஊர் மாரடிப்பு. ராகம்கூட ஒத்துப்போனது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. அல்மாஸைக் கட்டிப்பிடித்து நானும் அழுதேன். பொய்யாக இல்லை, வாய்விட்டு அழுதேன். அடக்கம் முடிகிறவரை எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சர்ச்சுக்குப் போய்த் திரும்பி வந்த கூட்டம் வாசலில் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்தது. ஒரு பெண் எனக்கு அவித்த கோதுமையும் கடலையும் கொண்டுவந்து நீட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். காப்பி வந்தது. அதையும் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தோம்.

குழாயடியில் வீட்டுக்காரர் தயங்கி நின்றார். மலைக் காற்று ஊசியாகக் குத்தியது.

"இந்தக் குளுருல தலைக்கேவா அம்மணி? காலு கைய மட்டும் கழுவிக்கிட்டாப் போதாதா?"

"பின்ன? எழவு ஊட்டுக்குப் போயிட்டு அப்படியே உள்ள வாரதுங்களா? அந்த மனுசனுக்கு நாம செய்யற மரியாத அவ்வளவுதானுங்களா?"

இரண்டு பேரும் துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டோம். பல் தந்தியடித்தது. பிழிந்த துணியைத் திரும்பவும் அலசிக் கொடியில் போட்டோம். பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். குழாய் பந்தலுக்கு நேர் எதிரே அல்லவா இருந்தது!

மறுநாள் வெள்ளிக்கிழமை, போகவில்லை. சனியும் ஞாயிறும் பந்தலில் கூட்டம். ஊர்க்காரர்கள் விடிய விடிய அங்கேயே இருந்தார்கள், தூங்கினார்கள். உறவுக்காரர்கள் இருக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைக்கூடத் தொடாமல் இருந்தோம். எங்களுக்குத் தெரிந்த மரியாதை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தோம்.

கெபெடே சொன்னது

அதற்குப் பிறகு காலையில் காப்பிக்குக் கூப்பிடும் குரல் வரவில்லை. அல்மாஸ் கறுப்பு உடுத்தியிருந்தாள். வாசலில் பார்த்தால் தலை குனிந்து வணக்கம் சொல்வாள். நான் குழாய்க்குப் போனால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். என் குடத்தின்மேல் அவள் குடம் பட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நிற்பாள்.

துக்கத்தில் இருக்கிறாள், சரியாகப் போகும் என்று நானும் பொறுத்துப் பார்த்தேன். ஆகவில்லை. எங்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுத்த கெபெடே என்ற ஆசிரியரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், சுற்றி வளைத்துத்தான் பேசுவார். அன்றைக்குச் சுற்றவில்லை.

"மேடம், அந்த மனிதருக்கு வந்தது ஒட்டுகிற நோய் என்று ஊரில் பாதிப் பேர் அந்த வீட்டுக் கிண்ணத்தைத் தொடமாட்டார்கள். நீங்கள் வந்த அன்றே குடித்தீர்கள். அதை அல்மாஸ் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். செத்த அன்றைக்கு, பயந்தவர்கள்கூட வந்து சாப்பிட்டு, அவளுக்குத் துணையாகப் பந்தலிலேயே படுத்து எழுந்தார்கள். நீங்கள் ஒன்றும் தொடவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போய், எல்லார் முன்னாலும் உடம்பைக் கழுவிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டீர்கள்."

அடிப்பாவி, என்ன காரியம் செஞ்சுபோட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அன்று மாலையே கெபெடேயைக் கூட்டிக்கொண்டு அல்மாஸ் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் வழக்கத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஏன் சாப்பிடவில்லை, ஏன் சொல்லாமல் வந்தோம், ஏன் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். கெபெடே ஒவ்வொன்றாக அவள் பாஷையில் சொன்னார். அல்மாஸ் ரொம்பக் கவனமாகக் கேட்டாள். இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஏதோ திருப்பிக் கேட்டாள்.

"ராஜாவே செத்தாலும் உங்கள் ஊரில் இப்படித்தான் செய்வீர்களா என்று கேட்கிறாள்" என்றார் கெபெடே.

"எங்க அப்பாவுக்கே இப்படித்தான் செய்வோம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என் கையைத் தட்டிக் கொடுத்தாள். கோபம் போய்விட்டது, அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் பழைய அல்மாஸ் வரவில்லை. இந்தப் பெண்ணிடம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று யோசித்து யோசித்துப் பழக ஆரம்பித்தாள். உலக்கையோடு ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தவள், அதன்பிறகு கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவாள். நான் சிநேகம் தேடிப் போனேன். அவள் எனக்கு மரியாதையைக் கொடுத்துவிட்டாள். மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தண்ணீர் விழுகிற சத்தம்

அந்தப் பள்ளி ஆண்டு முடிந்ததும் எங்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது.

வகுப்பில் இருந்த என்னை ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து போன். கொழுந்தனார் பேசினார். என் அப்பா இறந்துவிட்டார், எல்லாம் முடிந்தும்விட்டது. எனக்குத் தகவல் சொல்ல லைன் கிடைக்கவே இல்லையாம். கிடைத்திருந்தாலும் அங்கிருந்து நான் எப்படிப் போய்ச் சேருவது?

கெபெடே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுகையே வரவில்லை. கட்டிப்பிடித்து அழ ஒரு பொம்பளை இல்லாமல் எப்படி அழுவது? நம் ஊராக இருந்தால் இந்நேரம் வாசல் கொள்ளாது. அத்தையும் சின்னம்மாவும் மாறி மாறி வந்து கழுத்தைக் கட்டியிருப்பார்கள்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அல்மாஸ்.

உள்ளே வந்தாள். நேராக என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். பார்த்தே இராத என் அப்பாவுக்காகக் குரலெடுத்து அழுதாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, எத்தனை நேரம் என்று தெரியாது, அப்படியே கிடந்தேன். இனி இவள் போகமாட்டாள், ராத்திரிக்கும் இங்கேயேதான் இருப்பாள், அவர்கள் வழக்கம் அதுதானே என்று ஒரு தெம்பு வந்தது.

வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அல்மாஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். எழுந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு வாசலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

எழுந்து கதவுக்கு ஓடினேன். பொழுது சாய்ந்து குளிர் இறங்கியிருந்தது. அல்மாஸ் குழாயடியில், கட்டின கறுப்பு உடுப்போடு, தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு செம்பு, இன்னொரு செம்பு. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தெருப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து ஏதோ அதட்டிச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, சரிதானே டீச்சர் என்று பார்க்கிற பிள்ளை மாதிரிப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐயோ, வேண்டாம் அல்மாஸ்! எங்கள் வழக்கம் வேண்டாம் எனக்கு. உன் வழக்கம்தான் வேண்டும். வந்து உட்கார். அந்தக் கோதுமையைக் கொண்டு வா, காப்பியைக் கொண்டு வா, என் பக்கத்தில் படு. மனசு இப்படிக் கத்தியது. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். அவருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது.

"போ அம்மணி. நீயே போயி அவங்க ஊட்டுல உக்காந்துக்க. ஒண்ணும் ஆகாது, போ" என்றார்.

பத்து எட்டு நடந்தால் அவள் கதவு. தட்டினால் திறந்திருப்பாள்.

"தீட்டோட அடுத்தவங்க ஊட்டு நடை ஏறலாமுங்களா?"

அப்படிக் கேட்டது நான்தான்.